ஸ்பெயினை முந்திய ஏழாம் வார்டு

போன மார்ச் மாதம் எங்கள் ஏழாம் வார்டு ஸ்பெயினை முந்தியது. இத்தாலியை அதற்கு முந்தின மாதமே தாண்டிவிட்டோமாம். அதை யாரும் எங்களிடம் சொல்லாததால் அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்காமலே விட்டுவிட்டோம்.

முந்தியது ஓட்டத்திலோ பந்தாட்டத்திலோ அல்ல, கொழுப்பில். அதுவும் கண்ட கொழுப்பு இல்லை, ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு. ஆலிவ் எண்ணெயில் நிறைய இருக்கிறது, கடலை ஆட்டி எடுத்த கடலெண்ணெயில் பாதிக்குப் பாதி இருக்கிறது, பாமாயிலில் நூற்றுக்கு நாற்பது பங்கு இருக்கிறது. எந்த நாட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு எத்தனை கிராம் கிடைக்கிறது என்று வரிசை போட்டுப் பார்ப்பதற்காக மாநில ஒப்பீட்டுக் கொழுப்பு ஆணையம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். உலகத்தில் இருக்கிற நாடுகளையெல்லாம் அவர்கள் ஒன்றரை வருடத்தில் ஒப்பிட்டு முடித்துவிட்டார்கள். ஆட்களும் ஜீப்புகளும் மிச்சம். சும்மா வைத்திருக்க முடியுமா? பஞ்சாயத்து வார்டு ஒவ்வொன்றையும் ஒரு நாடாகப் பாவித்து ஒப்பிடலாம் என்று முடிவெடுத்தார்கள்.

எங்கள் பஞ்சாயத்து வாளையாருக்குத் தெற்கே, நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. ரேஷன் கார்டு கேரளத்தது, பேச்சு கோயமுத்தூர்ப் பேச்சு. ஏழாம் வார்டுக்கு ஸ்பெயினை இணை நாடாகக் கொடுத்தார்கள். ஆறாம் வார்டுக்கு மங்கோலியா வந்ததில் அவர்களுக்கு இன்றுவரை மனக்குறை. எட்டாம் வார்டுக்கு டென்மார்க். ஆனால் எட்டாம் வார்டு முழுக்கத் தென்னந்தோப்பு, தேங்காயெண்ணெயில் இந்தக் கொழுப்பு பேருக்குத்தான் இருக்கிறது. ஆகவே முதல் பட்டியலிலேயே எட்டாம் வார்டு உலகத்தில் கடைசியாக வந்தது. அந்த வார்டுக்காரர்கள் கொஞ்ச நாள் பஸ்ஸில் யார் முகத்தையும் பார்க்காமல் போய்வந்தார்கள்.

இனி குப்பண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். குப்பண்ணனுக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் நாலு ஏக்கர் கடலைக்காடு. ரோட்டை ஒட்டினாற்போல ஒரு ஏக்கர் தரிசு. காலையும் மாலையும் டவுனுக்குள் கனரக வண்டிகளை விடமாட்டார்கள். அந்த நேரத்தில் லாரிக்காரர்கள் அவர் தரிசில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, மோட்டார்த் தொட்டியில் குளிப்பார்கள், துணி அலசுவார்கள், வேப்பமரத்தடியில் படுத்து எழுந்து போவார்கள். பத்துப் பன்னிரண்டு வருடமாக இப்படித்தான் நடக்கிறது. குப்பண்ணன் ஒரு பைசா வாங்கியதில்லை. அவர் சம்சாரம் நாச்சம்மாள் வெயில் நாளில் மோரும் கொடுத்து அனுப்புவாள். அவர் பத்து ரூபாய் வாடகை வாங்கியிருந்தால் அது வண்டி நிறுத்துமிடம் என்று காகிதத்தில் ஏறியிருக்கும், இந்தக் கதையே வந்திருக்காது. நல்ல மனுஷனாக இருந்து தொலைத்தார்.

கணக்கெடுக்க வந்தவள் ஜோமோள். இடுக்கிப் பக்கத்துப் பெண். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளோடு படித்ததால் தமிழ் வரும். மிகவும் ஒழுங்கானவள், அதுதான் ஆபத்து. கையில் பலகைபோல ஒரு கணினி. அதில் விளைந்தது, வந்தது, போனது, விதைக்கு, தீவனத்துக்கு, உணவல்லாத உபயோகத்துக்கு, சேதாரம் என்று பத்திகள். விளைந்ததையும் வந்ததையும் கூட்டி, மற்றதையெல்லாம் கழித்து, தலைக்குத் தலை வகுத்தால் ஒரு மனிதனுக்குக் கிடைக்கிற கொழுப்பு வந்துவிடும்.

நாச்சம்மாள் தலைக்கு எத்தனை சொட்டு எண்ணெய் வைக்கிறாள், சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் எவ்வளவு உடம்புக்குள் போகிறது, எவ்வளவு சீயக்காயோடு வெளியே போகிறது என்றெல்லாம் ஜோமோள் கேட்டுக் குறித்துக்கொண்டாள். மாட்டுக்கு வயிறு உப்பினால் கால் லிட்டர் எண்ணெய் புகட்டுவோம் என்று குப்பண்ணன் சொன்னதும் பேனாவை எடுத்துத் தலையைச் சொறிந்தாள். அது தீவனமா, மருந்தா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டாள். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. மாடு பிழைத்தால் தீவனம், செத்தால் சேதாரம்.

அன்றைக்கு எல்லாம் எழுதி முடித்து எழுந்தபோது தரிசில் நின்ற டேங்கர் லாரி அவள் கண்ணில் பட்டது. இருபது டன் பாமாயில். அதன் டிரைவர் பெரியமுத்து தேனிப் பக்கத்துக்காரன், தொட்டியடியில் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான். வண்டி யாருடையது என்று ஜோமோள் கேட்டாள்.

"நம்முளுதுதானுங்க அம்மிணி," என்றார் குப்பண்ணன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது விளங்கும். நம் இடத்தில் வந்து இறங்கினவனை, அவன் காதுபட, யாரோ எவனோ என்று சொன்னால் சொன்னவனுக்குத்தான் கேவலம். பக்கத்து ஊட்டு விசேஷத்துக்கு வந்த ஒரம்பரையை, அதாவது விருந்தாளியை, யாரென்று கேட்டாலும் நம்ம ஒரம்பரைதான் என்போம். அடுத்தவன் காளையைக் கேட்டாலும் நம்முளுது என்போம். அது பட்டா கொடுப்பது ஆகாது. பெரியமுத்துவும் சோப்பு நுரைக்குள்ளிருந்து சிரித்துத் தலையாட்டினான். ஜோமோள் 'வந்தது' பத்தியில் இருபது டன் என்று போட்டாள். தினமும் வருமா என்று கேட்டாள். தினத்துக்கு ஒண்ணாவது வந்துரும், நம்ம ஆளுகதான் என்று குப்பண்ணன் சொல்லிவிட்டார்.

வந்த டேங்கர் மூன்று மணி நேரத்தில் போய்விடுமே, 'போனது' பத்தியில் அது ஏறவேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். ஆனால் வந்ததை எழுதத்தான் ஜோமோளுக்கு அதிகாரம். போனதை எழுத வெளியேற்றக் கணக்கர் என்று தனிப் பதவி உண்டு. ஆணையம் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பதவி காலியாக இருக்கிறது. ஆள் இல்லாத பத்தியில் பூஜ்யம் போடவேண்டும் என்பது விதி.

இருபது டன்னில் நூற்றுக்கு நாற்பது என்றால் எட்டாயிரம் கிலோ. வார்டு ஜனத்தொகை ஆயிரத்து நானூற்று எண்பது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து கிலோ நானூறு கிராம் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு, கைக்குழந்தை உட்பட. ஸ்பெயின் என்ன, உலகத்து நாடுகளெல்லாம் ஒன்றுசேர்ந்து வந்தாலும் எங்களை எட்டிப்பிடிக்க முடியாது.

வார்டு முகப்பில் பிளெக்ஸ் கட்டினார்கள். அதில் நடுவில் ஒரு ஆலிவ் மரம், ஒருபக்கம் ஆணையத்தின் இணை இயக்குநர் ஞானஜோதி, இன்னொரு பக்கம் குப்பண்ணன். வெடி வெடித்தோம். ஆறாம் வார்டுக்காரர்கள் வந்து கைகொடுத்துவிட்டு, வயிறெரிந்து போனார்கள். ஏன் ஜெயித்தோம் என்று யாருக்கும் தெரியாது, ஜெயித்தபின் அதைக் கேட்பது அழகும் இல்லை.

ஏப்ரல் மாதம் அங்கன்வாடிக்கு எண்ணெய் வரவில்லை.

எங்கள் அங்கன்வாடியில் இருபத்தாறு குழந்தைகள். டீச்சர் யோகப்பிரியா. காலையில் உப்புமாவும் மதியம் கஞ்சி, பயறும் கொடுப்பார்கள். மாதம் நாலு லிட்டர் கடலெண்ணெய் வரும், கூட ஒரு டின் கடலையுருண்டை வரும். இரண்டும் நின்றுபோய், பதிலாக ஒரு காகிதம் வந்தது. கொழுப்புக் கிடைப்பில் உலக முதலிடம் பெற்ற பகுதிக்குப் பொது எண்ணெய் வழங்குவது மற்ற நாடுகளுக்குச் செய்யும் அநீதி என்று அதில் இருந்தது.

யோகப்பிரியா அந்த மாதம் முழுக்கப் எண்ணெயில்லாமல் வெறுந்தண்ணியில் ரவையைக் கிண்டிப் பார்த்தாள். குழந்தைகள் வாயில் வாங்கி, கன்னத்தில் அடக்கி, ஜன்னலோரமாகத் துப்பின. கண்டிப்பாகச் சொன்னால் அழுதுகொண்டே விழுங்கின, விழுங்கி விக்கின. எட்டாம் வார்டு அங்கன்வாடிக்கு, உலகத்தில் கடைசி என்பதால், இரண்டு மடங்கு எண்ணெய் வந்திருந்தது. இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஒரு ரோடுதான். ஒரு கிண்ணம் கடன் வாங்கப் போனவளை அந்த டீச்சர் கண்கலங்கித் திருப்பி அனுப்பினாள். வார்டு விட்டு வார்டு எண்ணெய் போனால் அது டென்மார்க்கிலிருந்து ஸ்பெயினுக்கு இறக்குமதி, அதற்கு முன் அனுமதி வேண்டும் என்று அவளுக்கும் காகிதம் வந்திருந்தது.

மாதக் கடைசியில் எடை போட்டுப் பார்த்த யோகப்பிரியா, நேரே குப்பண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, நாலு கொழந்தைங்க எடை எறங்கிப்போச்சுங்க. அதுல ரெண்டு பேரு ஏற்கெனவே எடை பத்தாத புள்ளைங்க. அவங்க ஊட்டுல காலைல ஒண்ணும் ஆக்கறதில்லீங்க, இங்க வந்துதான் திங்கோணும்," என்றாள். அவரைக் குற்றம் சொல்ல வரவில்லை, ஆனால் டேங்கரைப் பற்றி அவர் சொன்ன வார்த்தைதான் இதற்குக் காரணம் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள் என்றாள்.

மறுநாளே குப்பண்ணன் வேட்டியை மாற்றிக்கொண்டு பாலக்காட்டுக்குப் பஸ் ஏறினார்.

ஆணையத்தின் அலுவலகத்தில் வாசலிலிருந்து கடைசி அறை வரைக்கும் நாட்டுக் கொடிகள். எதற்கு வந்தவரும் முதலில் எழுந்து நின்று ஒப்பீட்டு உறுதிமொழி சொல்லவேண்டும். குப்பண்ணனும் சொன்னார். "நான் உண்பதைக் காட்டிலும் எனக்குக் கிடைப்பதையே பெரிதாக மதிப்பேன். என் தட்டைப் பார்த்து ஏமாறமாட்டேன். பிற நாட்டின் தட்டைப் பார்த்தே என் வயிற்றை அறிவேன்." அவருக்கு முன்னால் நின்ற கிழவர் ஒருவர் மின்சார அலுவலகம் என்று நினைத்து வந்தவர், அவரும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

இணை இயக்குநர் ஞானஜோதி வண்டிப்பெரியாரில் தோட்டத் தொழிலாளி குடும்பத்தில் பிறந்து, படித்து மேலே வந்தவர். அதை அவரே முதலில் சொல்லிவிடுவார். சொன்னபின் அதைப் பற்றி யோசிக்கமாட்டார். குப்பண்ணனை உட்காரவைத்து, டீ வரவழைத்து, பிளெக்ஸில் தன் முகத்தைவிட அவர் முகம் பெரிதாக விழுந்துவிட்டதாகச் சிரித்துக்கொண்டே குறைப்பட்டார்.

குப்பண்ணன் விஷயத்தைச் சொன்னார். வண்டி நம்முளுது இல்லை, எண்ணெய் நம்முளுது இல்லை, அது வந்த வழியே போய்விடுகிறது, ஒரு சொட்டு ஊருக்குள் இறங்குவதில்லை. கடைசியில் கேட்டார்: "ஏனுங்க சார், ஆளுக்கு அஞ்சு கிலோ எண்ணெ ஒரு நாளைக்கு. குடிச்சா மனுசன் இருப்பானுங்களா?"

"நாங்க குடிக்கச் சொல்லலையே. கிடைக்குதுன்னுதான் சொல்றோம்," என்றார் ஞானஜோதி. "பாருங்க, நீங்க விவசாயி, உங்களுக்குப் புரியும். கிடைப்பு வேற, சாப்பாடு வேற. சாப்பாடுங்கிறது ஆளுக்கு ஆள் மாறும், வயித்துக்கு வயிறு மாறும். ஒருத்தன் திங்கிறான், ஒருத்தன் பட்டினி கிடக்கான். அத வச்சு ரெண்டு நாட்ட எப்படி ஒப்பிட முடியும்? பசிய உள்ள விட்டா பட்டியலே கெட்டுப்போகும். அதனாலதான் உலகம் பூரா கிடைப்ப எடுக்காங்க."

அந்தக் குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லையே என்றார் குப்பண்ணன்.

"கிடைச்சிருக்கு. சாப்பிடலை, அவ்வளவுதான். சாப்பிடாதது எங்க வரம்புல வராது."

ஆனாலும் ஞானஜோதி இரக்கமில்லாதவர் அல்ல. வழி சொன்னார். ஒன்று, டேங்கர் வெளியே போனதாகச் சான்று வாங்கலாம். அதை வெளியேற்றக் கணக்கர் கொடுக்கவேண்டும். இரண்டு, வார்டு ஜனத்தொகையைக் கூட்டினால் ஆளுக்கு விழுகிற கொழுப்பு குறையும். ஒரு லட்சம் பேர் சேர்ந்தால் சராசரி நாடாக ஆகிவிடலாம். இதற்கு எவ்வளவு அவகாசம் வேண்டுமென்று எழுதிக்கொடுத்தால் பரிசீலிப்பார்கள். மூன்றாவது, வண்டி என்னுடையது இல்லை, ஆட்கள் எனக்கு வேண்டியவர்கள் இல்லை என்று குப்பண்ணன் சத்திய வாக்குமூலம் எழுதித் தரலாம். முத்திரைத்தாளில் எழுதி, யாரை இல்லை என்கிறாரோ அவர் முன்னிலையில் வாசித்து, கையெழுத்து வாங்கவேண்டும். வாசிக்கும்போது குரல் தடுமாறக்கூடாது, தடுமாறினால் சந்தேகத்தின் பலன் கிடைப்புக்குத்தான் போகும்.

குப்பண்ணன் மூன்றாவதை எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது அந்தத் தாளை மடியில் வைத்து நாலு தடவை படித்துப் பார்த்திருக்கிறார். மனுஷனுக்கு அது ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சுட்டது.

வியாழக்கிழமை காலை பெரியமுத்து வந்து வண்டியை நிறுத்தினான். சோப்பு டப்பாவோடு இறங்கினவன், தொட்டியடியில் குப்பண்ணன் தாளோடு நிற்பதையும் பக்கத்தில் ஜோமோள் நிற்பதையும் பார்த்துத் தயங்கினான். நாச்சம்மாள் அன்றைக்கு மோர் கொண்டுவரவில்லை, வீட்டை விட்டே வெளியே வரவில்லை. குப்பண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். மேற்படி வாகனத்தை ஓட்டிவரும் நபர் எனக்கு உறவோ நட்போ அல்ல, அவரை நான் அறியேன், அவர் என் இடத்தில் இருப்பது என் விருப்பத்தால் அல்ல. குரல் தடுமாறவில்லை. தடுமாறக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்ததில் கோபமாக வாசிப்பதுபோலக் கேட்டது.

வாசித்து முடித்தபின், அங்கன்வாடிக் குழந்தைகளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லப் பார்த்தார். ஜோமோள் மெதுவாகத் தடுத்தாள். அறியாத நபரிடம் விளக்கம் சொல்லக்கூடாதாம், சொன்னால் பத்திரம் செல்லாது.

பெரியமுத்து காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். "இருக்கட்டும்ணே. நான் வேற எங்கயாவது ஒதுக்கிக்கிடுதேன்," என்று சொல்லி, குளிக்காமலே வண்டியை எடுத்தான். அந்த வாரத்துக்குள் மற்ற டிரைவர்களுக்கும் சேதி போய்விட்டது. தரிசைச் சுற்றிக் குப்பண்ணன் கம்பிவேலி போட்டார். ஒரு வண்டியும் வரவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடப் பழக்கம் ஒரு முத்திரைத்தாளில் போயிற்று.

மே மாதமும் எண்ணெய் வரவில்லை. குப்பண்ணன் போன் போட்டுக் கேட்டார். ஞானஜோதி அவர் செய்ததைப் பாராட்டினார். வேலி போட்ட நாளிலிருந்து வார்டின் கிடைப்பு கணிசமாகச் சரிந்திருப்பதாகவும், இது தனக்கே வருத்தம் தருவதாகவும் சொன்னார். ஆனால் நாடுகளை ஒப்பிடுவது மூன்றாண்டுச் சராசரியில்தான். ஆகவே இன்னும் இரண்டு வருடம் பதினோரு மாதத்துக்கு ஏழாம் வார்டை முதலிடத்திலிருந்து யாராலும் இறக்க முடியாது, கவலைப்படவேண்டாம் என்று தைரியம் சொன்னார்.

போனை வைத்துவிட்டுக் குப்பண்ணன் அதை வீட்டில் சொன்னார். நாச்சம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள்.

"ஏனுங்க, ஆப்பீசுக்காரன் கையில எண்ணெ இருக்குதுங்களா, நம்ம கையில இருக்குதுங்களா?" என்றாள். "ரெண்டு வருசத்துல அந்தப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் போயிருமுங்க. ஊட்டுக்கு ஒரு கரண்டி எண்ணெ இல்லாமயா போச்சு இந்த ஊர்ல."

மறுநாள் காலை அவளே முதலில் ஒரு கரண்டி கடலெண்ணெயோடு அங்கன்வாடிக்குப் போனாள். இரண்டு நாளில் பதினைந்து கரண்டி ஆயிற்று, வாரக் கடைசியில் இருபத்தாறு. குழந்தை இல்லாத வீட்டிலிருந்தும் வந்தது. எண்ணெய் வாங்க முடியாத வீட்டுக்காரிகள் வெறுங்கரண்டியோடு வந்து, பாத்திரத்தைக் கழுவிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். கடுகு வெடித்து, கறிவேப்பிலை பொரிந்து, உப்புமா மறுபடியும் உப்புமாவாக ஆனது. ஜன்னலோரத்தில் ரவையைத் துப்புவது நின்றுபோனது. ஜூன் மாத எடையில் இரண்டு பிள்ளைகள் ஏறினார்கள். யோகப்பிரியா குப்பண்ணனிடம் அதைச் சொல்ல ஓடிவந்தாள்.

ஜோமோள் மாதக் கணக்குக்கு வந்தாள். அங்கன்வாடி வாசலில் கரண்டிகளைப் பார்த்தாள். அவளுக்கும் அது நல்ல காரியமாகத்தான் பட்டது. நல்ல காரியத்தை எழுதாமல் விடுவது தப்பு என்று நினைத்து, 'வந்தது' பத்தியில் கரண்டி இருபத்தாறு என்று எழுதிவிட்டாள்.

ஜூலையில் விழா வைத்தார்கள். உலக முதலிடக் கேடயம் வழங்கும் விழா, அங்கன்வாடிக்கு முன்னால் பந்தல். ஐந்து பெரியவர்கள் குத்துவிளக்கு ஏற்றினார்கள். விளக்கில் ஊற்றின எண்ணெயை ஜோமோள் அளவுக் குவளையில் அளந்து, உணவல்லாத உபயோகம் என்று குறித்தாள். முந்நூற்று இருபது மில்லி. குழந்தைகளுக்கு இரண்டு நாள் உப்புமாவுக்கு ஆகியிருக்கும். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தாய்மார்கள் விளக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு பெரியவர்கள் நெகிழ்ந்தார்கள்.

ஞானஜோதி பேசினார். மேடையில் அவர் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

"பெரியோர்களே, தாய்மார்களே. நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். வெறும் கஞ்சி குடித்து வளர்ந்தவன். அன்றைக்கு எனக்குக் கொழுப்பு கிடைத்ததா இல்லையா என்று சொல்ல ஒரு ஆணையம் இல்லை. இருந்திருந்தால், எனக்கும் ஏதோ ஒரு நாட்டை விட அதிகமாகக் கிடைத்தது என்று அன்றைக்கே தெரிந்திருக்கும், பசியோடு அழுதிருக்கமாட்டேன். இன்றைக்கு இந்தக் குழந்தைகளுக்கு அந்தக் குறை இல்லை.

"எங்கள் புள்ளிவிவரத்தைச் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. எண்ணெய் எங்கே, காட்டு என்றார்கள். இன்று காட்டுகிறேன். மூன்று மாதமாக அரசு இந்த அங்கன்வாடிக்கு ஒரு துளி எண்ணெய் தரவில்லை. ஆனாலும் இங்கே தினமும் தாளிப்புச் சத்தம் கேட்கிறது. எங்கிருந்து வந்தது? இல்லாத இடத்திலிருந்து ஒரு கரண்டி எண்ணெய் வருமா? இருபத்தாறு கரண்டி! கிடைப்பு உண்மை என்பதற்கு உலகத்தில் எந்த நாட்டிலும் இவ்வளவு கையடக்கமான ஆதாரம் இல்லை. தாய்மார்களே, நீங்கள் நிரூபித்துவிட்டீர்கள்."

கைதட்டினார்கள். ஞானஜோதி கையைக் காட்டி அடக்கிவிட்டு அறிவித்தார். இந்த ஏழாம் வார்டு மாதிரித் திட்டம் அடுத்த மாதத்திலிருந்து பஞ்சாயத்து முழுவதும் நடைமுறைக்கு வருகிறது. பதினான்கு வார்டு அங்கன்வாடிகளுக்கும், எட்டாம் வார்டு உட்பட, பொது எண்ணெய் நிறுத்தப்படுகிறது. எந்த அங்கன்வாடியில் கரண்டி தென்பட்டாலும் அது அந்த வார்டின் கிடைப்பில் சேர்க்கப்படும். ஏழாம் வார்டுக்கு, இதுவரை வந்த கரண்டிகளின் அடிப்படையில், முதலிடம் மேலும் ஒரு வருடம் நீட்டிக்கப்படுகிறது.

கேடயத்தை வாங்கக் குப்பண்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் மேடைக்குப் போனார். கேடயத்தை வாங்கவில்லை, ஒலிபெருக்கியைத்தான் கையில் எடுத்தார்.

"எம்பட ஊட்டுப் பொம்பள ஒரு கரண்டி எண்ணெ கொண்டாந்தாளுங்க. எங்ககிட்ட எச்சா, மிச்சமா இருந்து கொண்டாரலீங்க. அன்னிக்கு எங்க ஊட்டுல சட்டினி தாளிக்கலீங்க. இங்க உக்காந்துக்கற அல்லாரு ஊட்டுலயும் அப்புடித்தானுங்க. அத எந்தப் பத்தில எழுதுவீங்க சாரு?"

ஞானஜோதி அந்தக் கேள்வியை வரவேற்றார். தாளிக்காமல் விட்டது சேமிப்பு, சேமிப்பு என்பது கூடுதல் கிடைப்பு, அதற்கும் ஒரு பத்தி தொடங்க மேலிடத்துக்குப் பரிந்துரை செய்கிறேன் என்றார். இன்னொரு முறை கைதட்டல் எழுந்தது. தட்டினவர்கள் ஜீப்பில் வந்தவர்கள். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த விளக்கையே எட்டி உதைத்திருப்பேன், அதிலும் சேதாரம் என்று ஒரு பத்தி இருப்பது ஞாபகம் வந்து சும்மா இருந்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அங்கன்வாடி வாசலில் இருபத்தாறு பேர் கரண்டியோடு நின்றார்கள். யாரும் உள்ளே போகவில்லை. ஊற்றினால் கணக்கில் ஏறும், ஏறினால் இன்னொரு வருடம் போகும், மற்ற பதின்மூன்று வார்டுப் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். ஊற்றாவிட்டால் உள்ளே குழந்தைகள் காய்ந்த ரவையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கரண்டியை முந்தானையால் மூடிக்கொண்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யோகப்பிரியா வெளியே வந்தாள். ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"உள்ள வாங்கக்கா. கதவச் சாத்திட்டு ஊத்திக்கலாம்," என்றாள்.

இப்போது அப்படித்தான் நடக்கிறது. இந்த ஊரில் கள்ளச்சாராயம் விற்றவர்கள்கூட இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்ததில்லை. கதவைச் சாத்தி, ஜன்னலுக்குச் சாக்குப் போட்டு, கடுகு வெடிக்கிற சத்தம் வெளியே கேட்காமல் இருக்க சட்டிமேல் தட்டைக் கவிழ்த்து வைக்கிறார்கள். குப்பண்ணன் கடலைக்காட்டு வேலையை விட்டுவிட்டுத் தினமும் ஒன்பதிலிருந்து பத்து வரை ரோட்டோரம் நின்று, ஆணையத்து ஜீப் வருகிறதா என்று பார்க்கிறார்.

ஆகஸ்ட் கணக்குக்கு ஜோமோள் வந்தபோது ஜீப்பை விட்டு முன்கூட்டியே இறங்கி நடந்து வந்தாள். சாத்தின கதவுக்கு முன்னால் நின்றாள். தாளிப்பு வாசனை தெருவெல்லாம் வீசிக்கொண்டிருந்தது, அதை மறைக்க யாராலும் முடியவில்லை.

"உள்ள கரண்டி உண்டா சேட்டா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லீங்க அம்மிணி," என்றார் குப்பண்ணன்.

ஜோமோள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தனக்கு ஜலதோஷம், ஒரு வாசனையும் தெரியவில்லை என்றாள். பூஜ்யம் என்று எழுதி அவரிடம் காட்டிவிட்டு, வந்த வழியே நடந்தாள்.

உள்ளே யோகப்பிரியா குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். உப்புமா நல்லா இருந்துச்சுன்னு வெளிய யாருகிட்டயும் சொல்லக்கூடாது என்று அவள் சொல்ல, மூன்று வயதும் நாலு வயதுமான இருபத்தாறு குழந்தைகள் கையைக் கட்டிக்கொண்டு அதைத் தணிந்த குரலில் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.